வேங்கைப் பள்ளத்தில் கால் மணி நேரம்

உக்காருங்க டீச்சர், எந்திரிக்காதீங்க. வண்டி கெட்டெல்லாம் நிக்கலீங்க. இது ரூலு. சன்னலுக்கு வெளிய வெள்ளையடிச்ச கல்லு ஒண்ணு தெரியுதுங்களா? அந்தக் கல்லுகிட்ட வந்தா எந்த வண்டியா இருந்தாலும் கால் மணி நேரம் நிக்கோணும். பஸ்ஸு, பால் வேனு, ஜீப்பு, கலெக்டரே வந்தாலும் சரி. அந்தக் கால் மணி நேரத்துல டிரைவர் போனுக்கு மெசேஜ் வரலைன்னா போலாம். வந்துச்சுன்னா தண்ணி வடியற வரைக்கும் இங்கயே கெடக்கோணும். அவ்வளவுதானுங்க.

நீங்க மன்னார்குடிப் பக்கம்னு சொன்னீங்கல்ல? உங்க ஊர்ல பள்ளம்னா குழின்னு நெனப்பீங்க. எங்க பக்கம் காட்டாத்தைத்தான் பள்ளம்னு சொல்றது. இது வேங்கைப் பள்ளம். அக்கட்ட மேல்மாவூர், நாளைக்கு நீங்க போயி டூட்டியில சேரப்போற ஊரு. நடுவுல இந்தத் தரைப்பாலம். வேற வழி கெடையாதுங்க.

இப்பப் பாருங்க, பாலத்து மேல கணுக்கால் தண்ணிதான் ஓடுது. வெயில் வேற அடிக்குது. ஆனா இதோட கொணம் கெட்ட கொணமுங்க. மேல மலையில மழ பேஞ்சா அந்தத் தண்ணி எறங்கி இங்க வர ஒரு மணி நேரம் ஆகும். வர்றப்ப மெதுவா ஏறாது. ஒரேயடியா பஸ்ஸு உசரத்துக்கு வரும். இங்க சொட்டு மழ இருக்காது, வெயில்ல நின்னுட்டிருக்கறவனத் தூக்கிட்டுப் போயிரும். அதுக்குத்தான் மெசேஜு.

அந்த மெசேஜ அனுப்பறது ஆருன்னு நெனைக்கறீங்க? நாந்தானுங்க. சென்னியப்பன்னு பேரு. நான்னா, நான் எழுதின புரோகிராமு. பதினாலு வருசமா அதுதான் இந்தத் தடத்தக் காவல் காத்துட்டிருக்குது. போன மாசம் ரிடையர் ஆயிட்டேன். இன்னிக்கு அஞ்சரை மணிக்கு மேல்மாவூர்ல எனக்குப் பாராட்டு விழா. மாலை, சால்வை, சாப்பாடு, எல்லாமே. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன், கேக்க மாட்டேன்னுட்டாங்க. அதுக்குத்தான் இந்தச் சட்ட புதுசா எடுத்தது.

இருங்க, போன் அடிக்குது. ஓ, மெர்லினா. நம்ம ஆபீஸ் புள்ள. கட் பண்ணிட்டேன். ரிடையர் ஆன மனுசன விட மாட்டேங்கறாங்க பாருங்க. இவளப் பத்தித்தான் சொல்லோணும் உங்களுக்கு.

சொல்றேன். மேல காட்டுக்குள்ள எட்டு எடத்துல பாறையில பொட்டி அடிச்சு வெச்சிருக்குது. ஒவ்வொண்ணும் தண்ணிய அளந்து ஒரு வரி அனுப்பும். ஒரே ஒரு வரிதானுங்க. மொதல்ல பொட்டி நம்பரு, அப்பறம் நேரம், அப்பறம் தண்ணி எவ்வளவு. எல்லாமே எண்ணுதான். கோயமுத்தூர்ல ஆபீஸ் கம்ப்யூட்டரு அத வாங்கிப் படிச்சு, ரெண்டு மீட்டருக்கு மேல போச்சுன்னா இந்தத் தடத்துல வண்டி ஓட்டற அத்தன பேருக்கும் மெசேஜு தட்டி விட்டுரும்.

அதுல அஞ்சு பொட்டி பழசு. நான் நேர்ல போயி வெச்சது. ஆனை நடமாட்டம், அட்டைப்பூச்சி, எல்லாத்தையும் பாத்துட்டுதான் வெச்சேன். மூணு பொட்டி அப்பறமா வந்துச்சு, மூணு வருசம் இருக்கும். இங்கதான் சிக்கலே. பழைய பொட்டி எண்ணுக்கு நடுவுல எடம் விட்டு அனுப்பும். புதுப் பொட்டி எடமே விடாம ஒட்டி அனுப்பும். பழசு பேசறது ஒரு விதம், புதுசு பேசறது இன்னொரு விதம். ஆனா கம்ப்யூட்டரு ஒண்ணுதானுங்களே? அது ரெண்டையும் படிக்கோணும். பழசு ஒரு நாள்கூட நிக்கக் கூடாது. அதுதான் என் கொள்கை. புதுசு வந்துச்சுன்னு பழசக் கைவிடற ஆளு நான் கெடையாது.

அப்பத்தான் மெர்லின் வேலைக்குச் சேந்திருந்தா. மார்த்தாண்டத்துக்காரி. கெட்டிக்காரி, அத நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். ‘சார், புதுப் பொட்டி அனுப்பற வரிக்கு முன்னாடி ரெண்டுன்னு ஒரு அடையாளம் போட்டுருவோம். அடையாளம் இருந்தா புது முறையில படிக்கட்டும், இல்லாட்டிப் பழைய முறையில படிக்கட்டும். ரெண்டுக்கும் தனித்தனியா பேட்டர்ன் எழுதிருவோம்’னா. மூத்தாள் புள்ள, இளையாள் புள்ளைன்னு பந்தியில பிரிச்சு உக்கார வெக்கற வேலை எனக்குப் புடிக்காதுங்க. ரெண்டுக்கும் ஒரே இலைதான்னு சொல்லிட்டேன்.

பேட்டர்னா? அது ஒரு சல்லடைன்னு வெச்சுக்குங்க. வர்ற வரி ஒழுங்கான வரியா, குப்பையான்னு சலிச்சுப் பாக்கறது. நான் ஒரே வரியில எழுதினேன். எண்ணு வரட்டும், நடுவுல எடம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, எத்தன தரம் வந்தாலும் சரி. முடிஞ்சுது. பழசும் போகும், புதுசும் போகும். எங்க கம்பெனி மொதலாளி கை குடுத்தாருங்க.

இவ மட்டும் மூஞ்சியச் சுருக்கிட்டு நின்னா. ‘சார், எடம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரின்னா, ஒட்டி வர்ற முப்பது எண்ண எங்க வெட்டறதுன்னு இதுக்குத் தெரியாது. வரி ஒழுங்கா முடிஞ்சா ஒண்ணும் இல்ல. கடைசியில ஒரு எழுத்து கோணலா வந்துச்சுன்னா, திரும்பப் போயி வேற எடத்துல வெட்டிப் பாக்கும். அதும் ஆகலைன்னா இன்னொரு எடத்துல. எத்தன விதமா வெட்ட முடியுமோ அத்தனையும் வெட்டிப் பாத்துட்டுத்தான் விடும். எண்ணு ஒண்ணு கூடினா வேலை ரெண்டு மடங்கு சார்.’ இப்படி. எங்கிட்டயே பாடம் எடுத்தா.

எதுக்குமா கோணலா வரும்னு கேட்டேன். ஒழுங்கா வெச்ச பொட்டி ஒழுங்காத்தான் அனுப்பும். ரெண்டு வருசமா ஒவ்வொரு வரியும் கண்ணு சிமிட்டற நேரத்துல முடிஞ்சுட்டிருந்துச்சுங்க. ரெண்டு வருசம்! அவ சொன்னது ஒரு நாள்கூட நடக்கல.

மாரப்பா, எத்தன நிமிசம் ஆச்சு? நாலா? சரி, சரி. நம்ம டிரைவருங்க, நெம்ப நல்ல மனுசன். ரூலுன்னா ரூலு. கண்டக்டரு ரங்கராசும் அப்படித்தான். முன்ன காலத்துல, பொட்டி வர்றதுக்கு முன்னால, கண்டக்டருக்கு இங்க ஒரு வேலை உண்டு. எறங்கிக் கரையோரமா நூறு அடி மேல நடந்து போயி பேசாம நிப்பாரு. பஸ்ஸுல எஞ்சின அணைச்சிருவாங்க. ஒருத்தரும் பேசக் கூடாது, கொழந்த அழுதா வாயப் பொத்தோணும். தண்ணி வர்றதுக்கு முன்னால கல்லு உருள்ற சத்தம் கேக்குமாம். மண்ணு வாசம் வருமாம். கேட்டுட்டு வந்து கையக் காட்டினாத்தான் வண்டி எடுப்பாங்க. நம்ம பொட்டி வந்த பொறகு அதெல்லாம் நின்னு போச்சு. எதுக்குங்க? ஒரு பக்கம் சயின்ஸு இருக்கறப்ப, இன்னொரு பக்கம் மூக்க உறிஞ்சிட்டு நிக்கறதா?

மறுபடி மெர்லின். இவளுக்கு என்னதான் வேணுமோ. விழா முடிஞ்சு பேசிக்கலாம்.

எங்க விட்டேன்? ஆ, ரெண்டு வருசம். போன ஐப்பசியில நல்ல மழைங்க. மேல டவரு அடிக்கடி போயிப் போயி வந்துட்டிருந்துச்சு. டவரு இல்லாட்டி பொட்டி என்ன பண்ணும்? அளந்தத எல்லாம் சேத்து வெச்சுக்கும். டவரு வந்த உடனே மொத்தத்தையும் ஒரே வரியா ஒட்டி அனுப்பும். ஏழாம் நம்பர்ப் பொட்டி, புதுசு, அப்படி அனுப்பிட்டிருக்கறப்பவே பாதியில டவரு மறுபடி அறுந்துருச்சு. வரி வால் அறுந்து வந்துச்சு. கடைசியில என்னமோ ஒரு குப்பை எழுத்து. நம்ம பேட்டர்னு என்ன பண்ணுச்சுங்கறீங்க? வேலை செஞ்சுதுங்க. நிக்கலை, கெடலை, கடமையா வேலை செஞ்சுது. அப்படி வெட்டிப் பாத்துச்சு, இப்படி வெட்டிப் பாத்துச்சு. அம்பது நிமிசம் வெட்டிப் பாத்துட்டு, இது ஆகாதுன்னு தள்ளிப் போட்டுட்டு அடுத்த வரிய எடுத்துச்சு.

அந்த அம்பது நிமிசமும் மத்த பொட்டி அனுப்பின வரியெல்லாம் பின்னால க்யூவுல நின்னுச்சு. ரேசன் கடையில முன்னால நிக்கறவன் பேசிட்டே நின்னா பின்னால நிக்கறவன் என்ன பண்ணுவான்? நிப்பான். அவ்வளவுதான். ஒண்ணுகூடத் தொலையலீங்க. அம்பது நிமிசம் கழிச்சு எல்லா மெசேஜும் போச்சு, வரிசை மாறாம. அதத்தான் விசாரணையில சொன்னேன்.

விசாரணைன்னா... ஒரு ஆளு போயிட்டாப்லங்க. பால் வேன் ஓட்டற நஞ்சப்பன். இந்தக் கல்லுகிட்டத்தான் நின்னாப்ல. ரூலுப்படி கால் மணி நேரம் நின்னாப்ல, அந்த வழியா வந்த டீக்கடைக்காரரு பாத்திருக்காரு. மெசேஜு வரலை. எடுத்துட்டாப்ல. வேனு மறுநாள் கெடைச்சுது. அவரு மூணு நாள் கழிச்சு, ரெண்டு கிலோமீட்டரு கீழ. எனக்கும் வருத்தம்தானுங்க. நான் என்ன கல்லா? ரெண்டு நாள் சோறு எறங்கலை. ஆனா ஒண்ணு சொல்லோணும். மனுசனுக்குக் காதுன்னு ஒண்ணு இருக்குல்லீங்க? கல்லு உருள்ற சத்தம் கேட்டிருக்கும். எறங்கிப் போயிப் பாத்திருக்கலாம். போனையே நம்பிட்டு உக்காந்திருந்தா எப்படி?

விசாரணை பண்ண வந்தவரு நல்லவரு. மெசேஜு போச்சாங்கன்னு கேட்டாரு. போச்சுங்கன்னு சொன்னேன். காட்டினேன். நேரத்தோட, எல்லாமே இருந்துச்சு. பொட்டி அளந்தது சரி, கம்ப்யூட்டர் அனுப்பினது சரி. இயற்கைச் சீற்றம்னு எழுதிட்டுப் போயிட்டாரு.

இவதான் அழுதா. மெர்லின். ஆபீஸ்ல உக்காந்து, எல்லாரு முன்னாலயும். ‘நம்மதான் சார் கொன்னோம்’னா. நம்மன்னு சொன்னா, கவனிச்சீங்களா? என்னைத்தான் சொல்றா. அப்பறம் நேரா மொதலாளிகிட்டப் போயி உத்தரவு வாங்கிட்டு வந்து என் புரோகிராம்ல கை வெச்சா. பேட்டர்ன மாத்தினா, பழசுக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணு. அதோட இன்னொண்ணு. எந்த வரியா இருந்தாலும் ரெண்டு நொடிக்கு மேல யோசிச்சா விட்டுரு, ‘தண்ணி அளவு தெரியவில்லை, கடக்க வேண்டாம்’னு எல்லாருக்கும் அனுப்பிரு. தெரியலைன்னு ஒரு மெசேஜாம். தெரியலைங்கறதுக்கு ஒரு மெசேஜு! பதினாலு வருசத்துல என் புரோகிராமு தெரியலைன்னு சொன்னதே கெடையாதுங்க.

நடந்தது என்ன? ஏழு மாசத்துல பதினோரு தரம் தெரியவில்லை, தெரியவில்லை. பஸ்ஸு இங்க ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம்னு நின்னுச்சு. தக்காளி லோடு அழுகிச்சு. பரிச்சைக்குப் போற புள்ளைங்க கல்லுமேல உக்காந்து அழுதுச்சுங்க. பாத்தா தண்ணி வரலை. பதினொண்ணுல ஒம்பது தரம் வரலை. ரெண்டு தரம் வந்துச்சு, அத விடுங்க. மேல்மாவூர்க்காரங்க எனக்கு போன் பண்ணி, ‘அண்ணா, உங்க காலத்துல இப்படிப் பொய் மெசேஜு வந்ததே இல்லையே’ன்னாங்க. கேக்கறப்ப எப்படி இருக்கும் சொல்லுங்க.

அதனால கடைசி நாள்ல ஒரு காரியம் பண்ணினேன். உங்ககிட்டச் சொல்றதுல என்ன. அந்த வாரம் மெர்லின் அவங்க அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தா. நான் சாயங்காலம் சாவியக் குடுக்கறதுக்கு முன்னால, என் பழைய புரோகிராம எடுத்துத் திரும்ப வெச்சுட்டேன். அப்படியே, பழையபடி. சொல்லிட்டுச் செஞ்சா சண்ட வரும், எதுக்கு வம்புன்னு சொல்லலை. அதுக்கப்பறம் ஒரு மாசமா பாருங்க, ஒரு பொய் மெசேஜு உண்டா? கேட்டுப் பாருங்க ரங்கராச. இல்லை. தடம் நிம்மதியா ஓடுது. இன்னிக்குப் பாராட்டே அதுக்குத்தானுங்க. மாலை போடறாங்கன்னா சும்மா போடுவாங்களா?

மழைங்களா? மேலயா? ஆமாங்க, அந்த மலைமேல கறுப்பாத்தான் கெடக்குது. மதியத்துல இருந்தே அப்படித்தான். அது தினமும் அப்படித்தானுங்க, பயந்துக்காதீங்க. தண்ணி ரெண்டு மீட்டருக்கு ஏறினா பொட்டி சொல்லிரும்.

எத்தன ஆச்சு மாரப்பா? பன்னண்டா? மெசேஜு? வரலையா. டவரு இருக்குதில்ல? நாலு கட்டை இருக்குதா, அப்பறம் என்ன. எனக்கே பாரு, போன் வந்துட்டேதான் இருக்குது. இல்லப்பா, மெசேஜு இல்ல, ஆபீஸ் போன். அதே புள்ளதான். அஞ்சாவது தரம். சைலன்ட்ல போட்டுட்டேன் டீச்சர், உங்களுக்குத் தொந்தரவு பாருங்க.

என்ன ரங்கராசு, எட்டி எட்டிப் பாக்கறே? தண்ணி கலங்கலா வருதா? மேல மாடு எறங்கியிருக்கும்பா. சருகும் குச்சியும் வந்தா வரட்டும், காட்டுல இருந்து வர்ற தண்ணியில பின்ன என்ன வரும். எறங்கிப் போயிக் கேட்டுட்டு வர்றியா? நீயா? உனக்கு அதெல்லாம் என்ன தெரியும், நீ வேலைக்கு வந்தே ஆறு வருசம். உங்க அப்பாரு காலத்து வேலை அது. நேரம் ஆகுதுப்பா, அங்க பந்தல்ல ஆளுங்க உக்காந்திருப்பாங்க. அஞ்சரைன்னா அஞ்சரைக்கு இருக்கோணும்.

டீச்சர், பைய எதுக்கு எடுக்கறீங்க? எறங்கறீங்களா? எங்க போவீங்க இந்தக் காட்டுல? அட உக்காருங்க. நான் இருக்கேன்ல. அந்தப் பொட்டி வெச்சவனே உங்க பக்கத்துல உக்காந்துட்டிருக்கான். எத்தன பேருக்கு இது கெடைக்கும்?

என்ன மாரப்பா? எங்கிட்டக் கேக்கறியா? கால் மணி நேரம் ஆச்சா. ஆச்சுன்னா எடுக்க வேண்டியதுதானே. என்ன யோசன? மனசுக்குச் சரியாப் படலையா? அது அந்தப் பதினோரு பொய் மெசேஜு பண்ணின வேலை. உங்களையெல்லாம் பயந்தாங்கொள்ளியா ஆக்கிட்டுப் போயிருச்சு. நான் சொல்றேன் கேளு. மெசேஜு வரலைன்னா தண்ணி வரலைன்னு அர்த்தம். பதினாலு வருசமா அதுதான் அர்த்தம். நஞ்சப்பனா? அதையே எதுக்கு இப்ப இழுக்கறே? அது ஆயிரத்துல ஒரு நாள். மழையில டவரு அறுந்து, வரி வால் அறுந்து, எல்லாம் ஒண்ணா வந்து சேந்துச்சு. அப்படியெல்லாம் தினமும் வருமா? எடுப்பா. என் பொறுப்பு.

பாத்தீங்களா டீச்சர், எடுத்துட்டாரு. சொன்னாக் கேக்கற மனுசன். கம்பியப் புடிச்சுக்குங்க, எறக்கம் கொஞ்சம் குலுக்கும். ஆ, எறங்கியாச்சு. தண்ணி பாதிச் சக்கரத்துக்குத்தான் இருக்குது. சரி, பாதிக்குக் கொஞ்சம் மேல. பரவால்ல, பஸ்ஸு உசரமான வண்டிதான். நீங்க அந்தப் பக்கம் பாக்காதீங்க, இந்தப் பக்கம் பாருங்க, அதோ அந்தப் பாறைக்குப் பின்னால கொடிக்கம்பம் தெரியுது பாருங்க, அதுதான் உங்க பள்ளிக்கூடம்.

என்ன சத்தம்? எஞ்சின் சத்தமா இருக்குமுங்க. மாரப்பா, நடுப்பாலத்துல எதுக்கு நிறுத்தறே? குறுக்கால மரமா? எவ்வளவு பெரிசு? ரங்கராசு எறங்கித் தள்ளிப் பாரேன். தண்ணி இழுக்குதா? சரி, இரு, இரு.

கேட்டுதுங்களா? டிங்னு. அதோ, மாரப்பனோட போனு. ரங்கராசு போனும் அடிக்குது. என்னதும் துடிக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, எல்லாம் ஒட்டுக்கா வருது. படி ரங்கராசு, சத்தமாப் படி, டீச்சருக்குக் கேக்கட்டும். ரெண்டாம் பொட்டி. தண்ணி நாலு மீட்டர் பத்து. நேரம் மூணு நாப்பது. இப்ப மணி எத்தனைங்க? நாலு முப்பத்தெட்டா?

பாத்தீங்களா டீச்சர். வந்துருச்சு. நான் சொன்னேன்ல, ஒண்ணுகூடத் தொலையாதுன்னு. பதினாலு வருசமா என் மெசேஜு ஒண்ணுகூடப் பொய் சொன்னதில்லீங்க.

இதுவும் பொய்யா இருக்காதுங்க.